எல்லைக்கு மேலே ஒரு வெள்ளைத் தையல்

கிளாரா துரைசாணி தமிழ் பேசினால் யாரோ பைபிளைத் திறந்து வைத்து வாசிப்பது போலிருக்கும். முப்பது வருஷம் கொடைக்கானலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் அந்த நடை மட்டும் மாறவே இல்லை. இப்போது வேலையை விட்டாயிற்று, கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. சித்திரையில் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போகிறாள். மாசி மாதம் பெட்டி கட்டும்போதுதான் அடியில் கிடந்த அந்தக் கித்தான் சுருள் கைக்கு வந்தது.

"சின்னத்தாயி, இதை நீ தைத்துத் தருவாயா? என் கண்கள் மங்கிப்போயின."

சின்னத்தாயி அந்த பங்களாவில் எட்டு வருஷமாக வீட்டு வேலை பார்க்கிறவள். புருஷன் ஆண்டிச்சாமிக்கு அங்கேயே தோட்ட வேலை. இரண்டு பேரும் மலைச்சரிவில் கீழே இருக்கிற வெள்ளகவி கிராமத்திலிருந்து ஏறி வந்தவர்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தையலையும் ஒருமுறை திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்துவிட்டால் போதும், அச்சாகப் போட்டுவிடுவாள்.

கித்தான் சல்லடை மாதிரி கட்டம் கட்டமாக ஓட்டை போட்டது. அதன்மேல் துரைசாணி எப்போதோ சாயத்தில் ஒரு படம் வரைந்திருந்தாள். பங்களாவின் தென்பக்க விளிம்பிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே காட்சி. மேலே வானம், பாதியில் பாறைச் சரிவு, மடிப்புகளில் சோலை, அடியில் பெரியகுளத்து வயல்கள். கம்பளி நூலால் அத்தனை ஓட்டையையும் அடைத்தால் படம் நூலில் எழுந்து நிற்கும்.

"நூலின் நிறம் நான் சொல்வேன். எந்த இடத்துக்கு எந்தத் தையல் என்பதை நீயே தெரிந்துகொள்" என்றாள் துரைசாணி.

அவளிடம் தையல் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். சின்னத்தாயி அதையெல்லாம் சட்டை பண்ணாமல் தானாகப் பெயர் வைத்திருந்தாள்.

"வானத்துக்கு நீட்டுத் தையலுங்க. ஒரே இழுவையா இழுத்தா வெரசா முடிஞ்சிரும், பளபளன்னும் கெடக்கும். பாறைக்குச் செங்கத் தையல், செங்கல்ல அடுக்குன மாதிரி. வயலுக்குப் பாய்த் தையல் போடுவோம், கோரைப்பாய் பின்னுன மாதிரியே வரும்."

"சோலைக்கு?"

"முடிச்சுங்க. மேலேருந்து பாத்தா மரத்துத் தலையெல்லாம் முடிச்சு முடிச்சாத்தானே தெரியுது."

துரைசாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னத்தாயிக்கும்தான். தன்னிடம் ஒருத்தி யோசனை கேட்டு, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது அவளுக்குப் புதுசு.

அப்படியே விரலை இறக்கிக்கொண்டு வந்தவள், சரிவில் ஓடிய ஒற்றையடிப் பாதையில் ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. பச்சரிசி ஒன்று ஒட்டிக்கொண்டது போல.

"இது என்னதுங்க?"

"அதுவா? வரைந்த நாளில் அங்கே வெண்மையாக ஏதோ இருந்தது. ஆடோ, துணியோ அறியேன். இப்போது கறைபோல் தோன்றுகிறது. பழுப்பு நூலால் மூடிவிடு."

"எப்ப வரைஞ்சீங்க?"

துரைசாணிக்குக் கண்ணில்தான் புரை, ஞாபகத்தில் இல்லை. "பெருமழையில் மலைச்சாலை இடிந்து விழுந்ததே, அந்த வருஷம். ஐந்து நாள் மூடுபனி. தீபாவளிக்கு மறுநாள் காலையில்தான் வெளுத்தது. காற்றே இல்லை, ஒரு இலைகூட அசையவில்லை. அந்த வெண்மையை வைத்தேன், சரிவரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். உள்ளே போய்த் தேநீர் அருந்தி வந்தேன். அப்போதும் அது அதே இடத்தில்தான் இருந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு கீழே இறங்கிப் போயிற்று."

சின்னத்தாயி கித்தானைச் சுருட்டினாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

அது ஆடும் இல்லை, வெறும் துணியும் இல்லை. அது ஆண்டிச்சாமியின் வேட்டி. அதை மூங்கிலில் தூளியாகக் கட்டி, அதற்குள் அவர்கள் மகள் பாப்பம்மாளைப் போட்டு, நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஏறி வந்தார்கள். ஏழு வயசுப் பிள்ளை. மூன்று நாளாக அடிவயிற்றுவலி. மழை விட்ட அன்றைக்கு வெள்ளனே கிளம்பினார்கள்.

ஊருக்கு மேலே எல்லைக் கருப்பின் கல் இருக்கிறது. நோயாளியை எல்லை தாண்டித் தூக்கிப்போக வேண்டுமானால் கருப்பிடம் உத்தரவு கேட்க வேண்டும். கல்லின் வலது தோளில் பூ வைப்பார்கள். பூ தானாக விழுந்தால் போகலாம். மற்ற நாளில் மலைக்காற்றுக்குப் பூ வைத்த கையோடு விழுந்துவிடும். அன்றைக்குக் காற்று இல்லை. தூக்கி வந்தவர்களே, "ஆத்திர அவசரத்துக்குக் கருப்பு கோவிச்சுக்கிறாது, வாங்க" என்றார்கள். ஆண்டிச்சாமியும் மூங்கிலைத் தோளில் ஏற்றினான். சின்னத்தாயிதான் விடவில்லை. உத்தரவில்லாமல் கொண்டுபோனால் பிள்ளை திரும்பி வராது என்று தூளியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். பூ விழவில்லை. முனகிக்கொண்டிருந்த பிள்ளை ஓய்ந்துபோனது. அங்கிருந்தே திரும்பினார்கள்.

எவ்வளவு நேரம் நிறுத்தினாள்? எட்டு வருஷமாக அவளிடம் ஒரே பதில்தான். "வெத்தல போட்டு மெல்லுற நேரம். அதுக்குள்ளதான் உசுரு போயிருச்சு. ஓடியிருந்தாலும் பொழச்சிருக்காது." சொந்தபந்தத்திடம் சொன்னாள், ஆண்டிச்சாமியிடம் சொன்னாள், சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையில்தான் எட்டு வருஷம் சோறு இறங்கியது. ஆண்டிச்சாமி மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது வெள்ளைக்காரி ஒருத்தி, ஒன்றும் அறியாதவள், வைத்துத் துடைத்து மறுபடி வைத்து, தேநீரும் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஏறியிருந்தால் ஆஸ்பத்திரியே வந்திருக்கும்.

சின்னத்தாயி தைத்தாள். வானம் முடிந்தது, பாறை முடிந்தது. சோலைக்கு முடிச்சுப் போடப் போட விரல்நுனி காய்த்தது. பாதைக்கு இருக்கிறதிலேயே சின்னதான சாய்வுத் தையலை எடுத்துக்கொண்டாள். ஒரு ஓட்டைக்கு ஒரு தையல், ஏறுகிற கால் மாதிரி ஒவ்வொன்றாக. புள்ளி இருந்த இடத்தை மட்டும் கடைசிவரை தொடவில்லை. பழுப்பு நூலைக் கோத்துக் கொண்டுபோவாள், ஊசி இறங்காது. மூடினால் பிள்ளையைத் தானே மறுபடி புதைப்பது போலிருந்தது. வெள்ளையிலேயே தைத்தால், தான் குறுக்கே உட்கார்ந்த அந்த இடத்திலேயே பிள்ளை கடல் தாண்டியும் கிடக்கும். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. அழுதாள், ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கினாள், திரும்ப வந்து உட்கார்ந்து அழுதாள்.

பங்குனி கடைசியில் தையல் முடிந்தது. துரைசாணி சன்னல் பக்கம் வைத்து விரலால் தடவிப் பார்த்தாள். முடிச்சு முடிச்சாக இருந்த சோலையில் அவள் விரல் வெகுநேரம் நின்றது. "என் மலை இது" என்று மூக்கை உறிஞ்சினாள். கறை மூடப்பட்டதா என்று கேட்டதற்கு, "மூடியாச்சுங்க" என்றாள் சின்னத்தாயி.

மறுநாள் காலை ஆண்டிச்சாமி அதைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்க வந்தான். பார்க்காமல் மூடுகிற ஆள்தான். என்ன தோன்றியதோ, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வெள்ளகவிக்காரனுக்கு அந்தப் பாதையை யாரும் காட்டித்தர வேண்டாம். விரல் தானாகவே, பாதை சரிவில் இறங்கத் தொடங்கும் வட்டக்கானலிலிருந்து எல்லைக் கருப்பு வரை இறங்கியது. அங்கே பழுப்புதான் இருந்தது. விரல் திரும்ப ஏறி வட்டக்கானலையும் தாண்டியது. பாதை முடிந்து ஆஸ்பத்திரி ரோட்டைத் தொடுகிற இடத்தில், மேட்டுக்கு மேலே, நான்கு வெள்ளைத் தையல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது.

"ஏ புள்ள, இது என்ன?"

"உங்க வேட்டி."

அவன் ஏறிட்டுப் பார்த்தான். பிறகு மறுபடி அந்த வெள்ளையைப் பார்த்தான்.

"இம்புட்டுத் தூரம் நாம வரலையே."

"வந்திருக்கலாம்ங்க" என்றாள் சின்னத்தாயி. "வெத்தல போடுற நேரம் இல்லங்க அது. ரொம்ப நேரம். நாந்தான் மறிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

ஆண்டிச்சாமி சுத்தியலைக் கீழே வைத்தான்.

"தெரியும்" என்றான். "அம்புட்டு நேரமும் மூங்கி என் தோள்லதானே இருந்துச்சு."