கூற்று சரி, காரணம் சரி, பல்லி மௌனம்

1

நெசவாளர் சங்கக் கட்டிடத்தில் இருந்தவர்கள்: அம்மன் படத்துக்குக் கீழே, ட்யூப்லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில், சங்கத் தலைவர் நாகையா. அவருக்கு எதிரே பெஞ்சில் சங்கரி. நூல் மூட்டை மேல் பால்ச்சாமி. பரளச்சி ஊர்க்காரன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எழுந்து போக வசதியாக வாசலோரம் சாயக்கடை சிக்கந்தர் பாய். மேசை முனையில் ஒரு ஸ்டூலில், அட்டையும் தாளுமாக நான். படத்துக்குப் பின்னால் ஒரு பல்லி. அதையும் இருந்தவர்களில் சேர்க்க வேண்டும். ஏன் என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

இந்தக் கதை வந்த வழியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அருப்புக்கோட்டையில் மனு எழுதிக் கொடுப்பவன். சங்கரி கேட்டது ஓர் ஆட்சேபணைக் கடிதம். கதை கேட்கவில்லை. கடிதத்தில் வைக்க இடமில்லாதவை என் கையில் நின்றுவிட்டன. ஆகவே இது கதையே அல்ல, ஒரு கடிதத்தின் —

(அந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். முடித்தால் அழகாக இருந்திருக்கும். அழகாக முடிகிற வாக்கியத்தை எந்த ஆபீசிலும் நம்புவதில்லை.)

2

சங்கரி பகலில் விசைத்தறி பார்க்கிறவள், இரவில் படிக்கிறவள். அரசு வேலைக்கான ஒரு தேர்வு எழுதியிருந்தாள். எந்தத் தேர்வு என்று சொல்லமாட்டேன்; நாளைக்கு என்னை யாரும் தேடி வர வேண்டாம். ஒரே ஒரு மதிப்பெண் குறைந்து நின்றுவிட்டாள். அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும். அவளைக் கவிழ்த்த கேள்வி இது:

கூற்று: இஸ்லாமியச் சட்டப்படி நடக்கும் அரசு ஓர் இறையாட்சி.
காரணம்: அங்கே சட்டம் இறைவனுடையது.

இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்பது தேர்வு நடத்தியவர்கள் வெளியிட்ட விடை. காரணம் சரி, கூற்று தவறு என்பது சங்கரி குறித்தது. அவள் கணக்கு இது: இறையாட்சி என்றால் கடவுள் பேரைச் சொல்லி அவர் ஆட்கள் ஆள்வது. சட்டம் மேலிருந்து வந்தது என்பதால் மட்டும் அப்படி ஆகிவிடாது. ஆள்கிறவனும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தானே. நாற்காலியில் யார் இருக்கிறார் என்றல்லவா பார்க்க வேண்டும்?

ஆட்சேபணை மறுநாளுக்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும். படிவத்தில் ஒரு விதி இருந்தது: தேர்வர் சரியெனக் கருதும் ஒரே ஒரு விடையைக் குறிக்கவும், இரண்டைக் குறித்தால் மனு தள்ளுபடி. அதாவது, அப்படியும் சொல்லலாம் இப்படியும் சொல்லலாம் என்று எழுத இடமில்லை. சங்கரி தான் போட்ட விடையிலேயே நின்றால்தான் வேலை.

3

பல்லி.

இதை மாற்றிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெளியூர் வாசகர் நம்பமாட்டார். பல்லிக்குப் பதில் காகம் போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். காகம் கட்டிடத்துக்குள் வர ஜன்னல் வேண்டும், சங்கத்தில் ஜன்னல் இல்லை. பல்லியே இருக்கட்டும்.

சங்கத்தின் வழக்கம் இதுதான். எந்தத் தீர்மானமானாலும் அம்மன் படத்தின் முன் வாசிக்க வேண்டும். படத்துக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னால் அம்மன் உத்தரவு, சொல்லாவிட்டால் இல்லை. நூல் வாங்குவதும் கூலி பேசுவதும் பாத்ரூமுக்குக் கதவு போடுவதும் அப்படித்தான். (பாத்ரூமுக்கு இன்னும் கதவு இல்லை.)

தனியாளின் கடிதத்தை எவன் படிப்பான், சங்கத்தின் லெட்டர்பேடில் போனால்தான் மதிப்பு என்றார் நாகையா. சங்கரியின் அப்பாவுக்கு அவர் மைத்துனர் முறை. நல்ல மனசோடுதான் சொன்னார். லெட்டர்பேடில் ஓர் எழுத்து விழ வேண்டுமானாலும் பல்லி சொல்ல வேண்டும். இப்படியாக, கடவுளின் சட்டப்படி நடக்கும் அரசு இறையாட்சியா என்ற கேள்வி பல்லியின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

4

முதலில் சாட்சிகள். என் முறை அது. சாட்சி வாங்காமல் வேலித் தகராறுக்குக்கூட மனு எழுதமாட்டேன்.

பால்ச்சாமி எட்டு வருஷம் சவூதியில் தண்ணி லாரி ஓட்டியவன். அங்கே ஆள்வது யார் என்று கேட்டேன். தான் பார்த்த மட்டில் எல்லாக் கடையிலும் ராஜா படம்தான் மாட்டியிருந்தது, லைசென்சைப் போலீஸ்காரன்தான் கேட்டான், சாமி ஒரு நாளும் வண்டியை மறிக்கவில்லை என்றான். 'ராஜா ஆட்சி' என்று குறித்துக்கொண்டேன்.

சிக்கந்தர் பாயிடம் வந்தேன். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் இல்லை, என்மேல்தான் சந்தேகம். ஊரில் சாயம் விற்கிற மனுஷரை இந்தக் கதைக்குள் கூட்டி வந்ததற்கு அவர் பேரைத் தவிர வேறு காரணம் உண்டா? அவரே கேட்டுவிட்டார்.

"ஏன் நாகையாண்ணே, இந்திய அரசியல்ல ஒரு கேள்வி வந்தா நீங்க எந்த இந்துவைக் கூப்பிட்டு விசாரிப்பீக?"

நாகையா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாத்தியாரா இருக்கிறவுகளை" என்றார்.

"நான் சாயம் விக்கிறவன்."

ஆனாலும் எழுந்து போகவில்லை. சங்கரிக்காகச் சொல்கிறேன் என்று சொன்னார். தங்களில் பூசாரி என்று தனியாக யாரும் கிடையாது. முன்னால் நிற்பவர் தொழ வைப்பார், அவ்வளவுதான். சட்டம் அல்லாஹ்வுடையது என்பார்கள், ஆனால் அதை வாசித்துப் பொருள் சொல்கிறவர்கள் மனிதர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்திருக்கிறார். சில நாட்டில் ராஜா மேலே, மார்க்கம் படித்த ஆலிம்கள் பக்கத்தில். ஈரானில் ஆலிமே மேலே. அங்கே எலெக்ஷனும் உண்டு, யார் நிற்கலாம் என்று முன்கூட்டியே சலித்து எடுக்க ஒரு சபையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கூற்றில் அடைத்தால் எப்படி?

"ஓ," என்றான் பால்ச்சாமி. "நம்ம சங்கம் மாதிரி."

தலைவர் தேர்தலில் யார் நிற்கலாம் என்பதையும் இங்கே பல்லிதான் சொல்லும். நாகையா பதினோரு வருஷமாகப் போட்டியில்லாமல் வருகிறார்.*

* போட்டியிட நினைத்தவர்கள் இருந்தார்கள். பல்லி சொல்லவில்லை.

5

முதல் வரைவை வாசித்தேன்: "ஐயா, மேற்படி கூற்று தவறு. ஏனெனில் அங்கே ஆள்வது சட்டமே அன்றி —"

பல்லி மௌனம்.

இரண்டாம் வரைவு: "ஐயா, மேற்படி கூற்று எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஆகையால் —"

மௌனம். நாகையா ட்யூப்லைட்டைப் போட்டார். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். பல்லி வந்தது, ஒரு பூச்சியைப் பிடித்தது, திரும்பப் போய்விட்டது.

நான் மூன்றாவது தாளை எடுக்கும்போது பால்ச்சாமி எல்லாருக்கும் டீ சொல்லவா என்று கேட்டான். படத்துக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஐந்தாறு தடவை பல்லி சொன்னது.

இதன் பிறகு நடந்ததை முழுசாக எழுதினால் இந்தக் கதை இருபது பக்கம் போகும். சுருக்கம்: டீக்கு உத்தரவு கிடைத்துவிட்டது என்றான் பால்ச்சாமி. இரண்டாம் வரைவுக்கான உத்தரவுதான் தாமதமாக வந்தது என்றேன் நான். எனக்கு வேலை முடிந்தால் போதும். இரண்டுமில்லை என்றார் நாகையா. மூன்றாவது தாளைத் தொட்டதற்கு வந்த எச்சரிக்கையாம். ஆகவே கடிதம் வேண்டாம், டீயும் வேண்டாம்.

சங்கரி நாகையா பக்கம் திரும்பினாள்.

"மாமா, பல்லி எதுக்குச் சொல்லுச்சுன்னு யாரு முடிவு பண்றது?"

"நான்தான் தாயி."

"அப்ப அது அம்மன் உத்தரவா, உங்க உத்தரவா?"

நாகையா கோபப்படவில்லை. சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "அம்மன் உத்தரவுதான். ஆனா நான் சொன்னாத்தானே அது அம்மன் உத்தரவுன்னு தெரியும்."

கையெழுத்துப் போட எடுத்து வைத்திருந்த பேனாவைச் சங்கரி மூடினாள்.

6

வெளியே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, நான் தப்பாப் போட்டுட்டேனோ?"

சட்டம்தான் ஆளுதுன்னு நெனச்சுக் கூற்று தப்புன்னு போட்டேன், என்றாள். சட்டம் படத்துக்குப் பின்னால இருக்கு. எப்ப சொல்லுச்சு, எதுக்குச் சொல்லுச்சுன்னு ஒரு ஆளு மட்டும் சொல்வாக, அவுகளை மறுத்துப் பேச வழி இல்லைன்னா, அங்க ஆளுறது யாரு? அப்ப கூற்று சரிதானே?

பின்னாலேயே வந்த பாய், மறுத்துப் பேச வழி இருக்கிற இடமும் உண்டும்மா என்றார். எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதைக் கேள்வி கேட்கவில்லை என்றாள் சங்கரி. அவள் கண் கலங்கியிருந்தது. தத்துவத்துக்காக இல்லை. ஒரு மார்க்குக்காக. நம்பாத விடையில் கையெழுத்துப் போட்டால் வேலை. நம்புகிற விடையைக் குறித்தால் திரும்பவும் தறி. எதை நம்புகிறாள் என்பதுகூட நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருந்தது.

7

முடிவுகள்.

(அ) நாகையா மனம் மாறி லெட்டர்பேடைக் கொடுக்கிறார். எழுதிப் பார்த்தேன். அவர் மனம் மாறுவதற்கும் பல்லி சொல்ல வேண்டும்.

(ஆ) சங்கரி ஆட்சேபணையே வேண்டாமென்று கிழித்துப் போடுகிறாள். உன்னதமாக இருந்தது. இதை வாசித்துக் காட்டியபோது, "என்னைய வச்சு நீங்க நல்ல பேரு வாங்கப் போறீகளாக்கும்" என்றாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

(இ) நடந்தது. மறுநாள் மதியம் தபாலாபீசில், சங்கத்தின் பெயர் இல்லாத வெறும் தாளில், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு அவளே எழுதினாள். படிவத்தில் காரணம் எழுதத் தந்திருந்த கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். நாற்காலியில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் போதும் என நினைத்தேன், அவரை மறுத்துப் பேச முடியுமா என்றும் பார்க்க வேண்டும், கேள்வி அதைச் சொல்லவில்லை என்று ஒரு வரி கண்ணில் பட்டது. பல்லியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பிறகு விடைக் கட்டங்களுக்கு வந்து, நெடுநேரம் நிறுத்தி, ஒன்றில் டிக் போட்டாள்.

நான் பார்த்தேன். சொல்லமாட்டேன். சொன்னால் படத்துக்குப் பின்னால் நடந்ததை உங்களுக்கு வாசித்துச் சொல்கிற ஆளாக நான் ஆகிவிடுவேன். கூற்று மேலே இரண்டாம் பகுதியில் இருக்கிறது. உங்கள் பேனாவால் நீங்களே குறியுங்கள், ஒன்று மட்டும். குறிக்கும்போது, உங்களுக்கு வயது தாண்டப் போகிறது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கரி தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசை காய்ந்திருந்ததால் கவுண்ட்டரில் இருந்த பசையைத் தொட்டுத் தடவி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள். ஸ்பீடு போஸ்ட்டா என்று கேட்டார் கிளார்க். ஆமாம் என்றாள். அவர் உறையை எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பிப் பார்க்காமல் பின்னாலிருந்த சாக்கில் எறிந்தார்.