கல்லுக்கு வைத்த குடும்பப் பெயர்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். சன்னலோரம் தங்கை, கையில் பேனா. நேர் எதிரே, எழுதுவதைத் தலைகீழாகவாவது படித்துவிடலாம் என்று அண்ணன். சமையலறைப் பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, பட்டாணி உரித்துக்கொண்டு.

அறிவியல் அகராதிக்காரர்கள் கேட்டிருந்தது ஒரே கேள்வி. தங்கை கண்டுபிடித்த கனிமத்தின் பெயர் அவர்கள் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. குடும்பத்தில் யாரை நினைத்து வைத்தது?

"இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார் அண்ணன். சம்பந்தியிடம், முடிவெட்டுகிறவரிடம், பல் பிடுங்கிய டாக்டரிடம்கூட வாயைத் திறக்க முடிந்தவுடன் அவர் சொன்னது அதைத்தான்: அந்தக் கல் என் பேரில் இருக்கிறது. அப்படியிருக்க, இவள் ஏன் எழுதாமல் பேனா மூடியைக் கடிக்கிறாள்?

"உன் பேரையே வச்சுக்கிட்டியா? மறைக்காம சொல்லு."

"அப்படிச் செஞ்சா எங்க துறைல காறித் துப்பிடுவாங்க அண்ணே."

"அப்ப எழுத வேண்டியதுதானே?"

"அந்தக் கல்லை நான் வீட்டுக்குக் கொண்டாந்தப்ப நீ என்ன பண்ணின?"

"பத்திரமா வச்சேன்."

"குப்பைல வச்ச."

அவர் இருமினார். "அதான் கிடைச்சிருச்சில்ல?"

"தானா நடந்தா வந்துச்சு?"

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றிருந்தது. இவ்வளவு நேரமும் தவறான நாற்காலியைக் காவல் காத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குப்பை வண்டியைத் தெருமுனை வரை துரத்தி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக் கல்லை மீட்டவள் சமையலறைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தோடு அதே குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டவள்.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"பேர் வச்ச அன்னைக்கே சொல்லிட்டா."

"நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சப்ப வாயே திறக்கலையே!"

"சம்பந்தி முன்னாடியா திறக்கச் சொல்றீங்க?"

தங்கை பேனாவைத் திறந்தாள். "குடும்பத்தின் நினைவாகன்னு பொதுவா எழுதிடவா அண்ணே? உன் மானமும் தப்பிச்சிடும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண் தட்டில்தான் இருந்தது; கை மட்டும் அசையவில்லை.

"உன் அண்ணி பேரை எழுது. முழுப் பேரா எழுது. இல்லாட்டி என்னை மாதிரி இன்னொருத்தன் கிளம்பிடுவான்."

எழுதியதை வாங்கி, எழுத்தெழுத்தாகப் படித்து, உறையில் போட்டு ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு அவரே கிளம்பினார்.

மனைவி பட்டாணித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். வாசலுக்கு எதிரே இருந்த தபால்பெட்டிக்குள் கடிதம் விழுகிற வரை அவர் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.