உள்பக்கத் தாழ்ப்பாள்

மருத்துவமனையில் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் காலை, தையற்காரியின் இடது விலாவுக்குக் கீழே ஒரு ஜன்னல் இருந்தது. ஏழு அங்குல உயரம், ஐந்து அங்குல அகலம், மூன்று கம்பி, இரண்டு மரக்கதவு. கதவுகள் வெளியே விரியத் திறந்து கிடந்தன. தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. வலி இல்லை, ரத்தம் இல்லை, கொஞ்சம் குளிர்காற்று அடிக்கிறது, அவ்வளவுதான் என்றாள் அவள். குனிந்து பார்த்த டாக்டருக்குக் குடலோ ஈரலோ தெரியவில்லை. ஒரு சமையலறை தெரிந்தது. அதன் மூலையில் தையற்காரியே உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் அதை அளந்து அவளுடைய கோப்பில் எழுதினார். எழுதியதை நான்கு பேர் ஆசையாக வந்து படித்தார்கள். மறுநாள் அவள் முதுகில் இன்னொரு ஜன்னல் வந்தது. அந்த வாரம் சோப்பு விலையும் ஏறியிருந்ததால் ஊரில் இரண்டையும் சேர்த்தே பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் முப்பத்துநான்கு பேருக்கு ஜன்னல் வந்துவிட்டது. பஸ் கண்டக்டருக்குத் தோளில் வந்தது. அதற்குள் அவர் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பதைப் பயணிகள் சில்லறை கொடுக்கும்போது பார்த்தார்கள். நிச்சயமாகியிருந்த ஒரு பெண்ணுக்குக் கழுத்துக்குக் கீழே வந்தது, கல்யாணம் நின்றது. கதவைச் சாத்தினால் திரும்பவும் திறந்துகொண்டது. கயிறு கட்டினால் கயிறு அறுந்தது. தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வேலை நல்ல வேலை, தேக்கு, ஆனால் தாழ்ப்பாள் உள்ளே இருக்கும்போது நான் வெளியே நின்று என்ன செய்யட்டும் என்று கையை விரித்துவிட்டுப் போனார். தையற்காரி சின்னச் சின்னத் திரை தைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். காற்று திரையையும் தூக்கியது.

இதற்கெல்லாம் காரணமான மனிதர் அடித்தளத்தில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பறையின் பொறுப்பாளர் அவர். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்கியதால் பெரிய டாக்டர் முதல் பெருக்குகிறவர் வரை அவரைச் சாவி என்றுதான் அழைத்தார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் வந்து நின்றாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், அதுதான் வினை. நோயாளியாகச் சேர வருகிற ஒவ்வொருவரும் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தன் விவரங்களை மற்றவர்களுக்குக் காட்டலாமா கூடாதா என்று அதில் இரண்டு கட்டம் இருக்கும். சாவி ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் நூறு படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, ‘காட்டலாம்’ என்ற கட்டத்தில் தன் கையாலேயே டிக் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு மேலே அனுப்பிவிடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் கட்டத்தையா படிக்கப் போகிறார்? வரிசை சீக்கிரம் நகர்ந்தது. நிர்வாகம் அவரைப் பாராட்டியது. பிறகு கல்யாணத் தரகர் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும், டிக்கைக் காட்டிக் கோப்பை எடுத்து நீட்டினார். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது. அந்த வருடம் மட்டும் ஜன்னல் ஏன் வந்தது என்பதற்கு ஊரில் யாரிடமும் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சாவியின் அக்கா பித்தப்பைக் கல்லுக்காக வந்து மூன்றாம் மாடியில் சேர்ந்தாள். எட்டு வயது மூத்தவள். அவருக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தவள். முப்பது வருடமாக ஆணிக்கடைக்காரருக்கு மனைவி. பிள்ளை இல்லை, இல்லையே என்று அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் குத்திப் பேசியதும் இல்லை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சாவி அவளுடைய கோப்பை எடுத்துப் பிரித்தார். அக்கா கோப்பு, தம்பி பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. முந்தைய பிரசவம் ஒன்று, பத்தொன்பது வயதில், பெண் குழந்தை, இரண்டு நாள் உயிரோடிருந்தது.

தனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அக்கா ஒரு வருடம் வீட்டில் இல்லாமல் போனது அவருக்கு நினைவு வந்தது. மஞ்சள் காமாலை, சித்தி வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். திரும்பி வந்தவள் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தபோது, நான்கு தளங்களைத் தாண்டி, ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் அவர் காதுக்குள் தெளிவாகக் கேட்டது. முப்பத்துநான்கு பேர் உடம்பிலும் ஜன்னல் எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல், சாவிக்கொத்து தொடையில் அடிக்க, படியேறி ஓடினார்.

அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தாள். போர்வைக்கு உள்ளிருந்து மாலை வெயில் நிறத்தில் வெளிச்சம் கசிந்தது. எங்கோ ஒரு தொட்டில் ஆடும் சத்தம், அதன் சங்கிலி கிரீச் கிரீச்சென்று. மணி இரண்டரை. நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். ஆணிக்கடைக்காரர் கையில் ஃபிளாஸ்கோடு மூன்று ஐம்பதுக்கே வந்து வாசலில் நிற்பவர்.

“நீதானே படிச்சே?” என்றாள் அக்கா.

அவர் தலையாட்டினார்.

“முப்பது வருஷமா அந்த மனுஷன்கிட்ட சொல்லலை. சொல்லக்கூடாதுன்னு இல்லைடா. எப்ப சொல்றதுன்னு நான் பாத்துக்கிட்டிருந்தேன். அது என் வாயால வரணும்.”

“அக்கா, டிக் அடிச்சிருந்தது...”

“யாரு அடிச்சா?”

சாவிக்கு அழுகை வந்தது. ஐம்பது வயது ஆள், ஆஸ்பத்திரி வார்டில், நர்ஸ் பார்க்க அழுதார். போர்வைக்கு மேலாகக் கதவுகளை அமுக்கிப் பார்த்தார், அவை விரல்களைத் தள்ளிக்கொண்டு திறந்தன. பீரோவை இழுத்து மறைக்கலாமா என்றார். மாமாவை இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடவா என்றார். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றார். அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றே கால், மூன்றரை. செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றான பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நோயாளியிடமும் கேட்காததை அவர் கேட்டார்.

“அக்கா, நான் பாக்கலாமா?”

“இப்ப வந்து கேக்கறியா?”

“இப்பதான் கேக்கறேன். பாக்கலாமா, கூடாதா?”

தம்பியின் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, பாசமும் இருந்தது, இரண்டும் முகத்தில் தெரிந்தன.

“கூடாது,” என்றாள்.

“சரிக்கா,” என்று சொல்லி அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவுகள் சாத்திக்கொண்டன. தாழ்ப்பாள் விழுந்தது. அதோடு அந்த வரியும் அவர் தலைக்குள்ளிருந்து போய்விட்டது. எதையோ படித்தோம் என்பது மட்டும் நினைவிருந்தது. என்ன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆணிக்கடைக்காரர் ஃபிளாஸ்கோடு வந்தபோது அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், மச்சினன் மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டு அவருக்கும் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் முழுக்கச் சாவி வீடு வீடாகப் போனார். முப்பத்துநான்கு பேரிடமும், கதவுக்கு வெளியே நின்று, ஒரே கேள்வியைக் கேட்டார். கண்டக்டர் கேள்வி முடிவதற்கு முன்பே கூடாது என்றதில், வாசலுக்கு வந்து நின்ற அவருடைய தோள் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டு, அதன் ஓரம் இருந்த சாவியின் சுண்டுவிரல் நசுங்கியது. கல்யாணம் நின்ற பெண் மூன்று முறை திருப்பி அனுப்பினாள், நான்காம் முறை கூடாது என்றாள், கல்யாணத்தை அவரால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. தையற்காரி முதுகு ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். முன்பக்கத்து ஜன்னலைத் தன் சிநேகிதி டீக்கடைக்காரி மட்டும் பார்க்கலாம் என்றாள். அன்றிலிருந்து அது டீக்கடைக்காரி வந்தால் திறந்தது, போனால் மூடியது, உள்ளே அழுதுகொண்டிருந்தவளும் சில மாதத்தில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். மருத்துவமனையில் படிவங்கள் டிக் இல்லாமல் மேலே போயின. வரிசை நீண்டது, ஜனங்கள் முணுமுணுத்தார்கள், நிர்வாகம் சாவிக்கு ஒரு கடிதம் கொடுத்தது. அவர் அதை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம், அக்காவுக்குக் கண்ணாடி சரிசெய்து எடுத்துக்கொண்டு போனார். கதவு ஒருக்களித்திருந்தது. ஆணிக்கடைக்காரர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் மாலை வெயில் நிறத்தில் வெளிச்சம் விழுந்தது, வெளியே மணி பன்னிரண்டு. அவருடைய வலது கை அக்காவின் வயிற்றருகே கம்பிகளுக்குள் முழங்கைவரை போயிருந்தது, மெதுவாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. கிழவர் ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

சாவி படிக்கு இறங்கி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அக்கா, வரலாமா?”

“கொஞ்சம் இருடா.”

இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே ஒரு சங்கிலி கிரீச் கிரீச்சென்று கேட்டுக்கொண்டேயிருந்தது. இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தார், பிடிபடவில்லை. அந்தச் சங்கிலிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. எந்தச் சங்கிலி என்று அவர் கேட்கவில்லை.