நாலாவது வரும் என்று எழுதியவர்

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு ஆரூடம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முன்பு எந்த அணி எந்த இடத்துக்கு வரும் என்று அரைப் பக்கம் எழுதுவது அவர் வேலை. எழுதியது பெரும்பாலும் பலிக்காது. பலிக்காததால் யாருக்கும் நஷ்டமும் இல்லை. வாசகர்கள் அதைப் படித்து அவரைத் திட்டுவார்கள். பக்கத்தைத் திருப்பி ராசிபலனைப் படித்து நம்புவார்கள்.

அந்த ஆண்டு விஷயம் வேறு. குளியலறைக் குழாயும் தொட்டியும் விற்றுப் பெரிய ஆளான ஒரு முதலாளி நகரத்து அணியை வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு, புது ஆட்டக்காரர்களுக்காகப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தார். குழாய்க்காரர் வேறு எப்படிச் செலவழிப்பார் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். அறிமுக விழாவில் வாணவேடிக்கை, மேளம், ஆளுயரப் படங்கள் எல்லாம் இருந்தன. முதலாளி ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஐந்து பேருமே கோல் அடிக்கிறவர்கள். கைத்தட்டலுக்கு நடுவே ஆரூடம் பக்கத்து நாற்காலி நிருபரிடம், "கோல் தடுக்கிற ஆள் ஒருத்தரையும் காணோமே?" என்றார்.

"தடுக்கிறவன் பேர் போட்ட சட்டை விக்காது சார்," என்றார் நிருபர்.

மேடையின் ஓரத்தில், பூங்கொத்தை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றிருந்தார் பயிற்சியாளர். அவர் ஆரூடத்தின் தங்கை கணவர். போன சீசனில், விற்காமல் மீந்துபோன ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு அணியை ஏழாவது இடத்துக்குக் கொண்டுவந்தவர். அப்போது எல்லோரும் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். இப்போது அதே ஆட்கள், இந்த ஐந்து பேரை வைத்துக்கொண்டு கோப்பை வாங்க ஒரு கெட்டிக்காரர் எதற்கு என்றார்கள்.

"முதல் இடம்னு போடுங்க," என்றார் விளையாட்டுப் பக்க ஆசிரியர். "ஊரே அதைத்தான் எதிர்பார்க்குது. உங்க மாப்பிள்ளை டீம் வேற. நீங்களே போடலைனா யார் போடுவா?"

ஆரூடம் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எழுத உட்காருவதற்கு முன்னால் உண்மையிலேயே யோசிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கேட்டார்.

"இந்தத் தடவை எங்களுக்கு எத்தனாவது இடம் போடப் போறீங்க மச்சான்?"

"மனசுல பட்டதைச் சொல்லட்டுமா மாப்பிள்ளை?"

"சொல்லுங்க."

"நாலு."

மாப்பிள்ளையின் முகம் சட்டென்று சுருங்கியது. "நாலா?" என்றார். எழுந்து போய்க் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஏண்ணா, ஊர்ல உள்ளவன் எல்லாம் ஒண்ணுங்கறான். சொந்த அண்ணன் நாலுங்கறே. அவர் முகத்தைப் பாத்தியா?"

பார்க்கத்தான் செய்தார். பாவம், மனுஷன் மனசை நோகடித்துவிட்டோமே என்று வீடு போகும்வரை வருந்தினார். வீடு போனதும் நாலு என்றுதான் எழுதினார். எழுதியதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. 'ஐந்து குழாய்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தொட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

கட்டுரை வந்த அன்று காலை முதலாளியே ஆசிரியரைக் கூப்பிட்டுக் கத்தினார். நாலாவது இடம் அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. "தொட்டி ஒழுகுதுன்னு எழுதியிருக்கான்! என் தொட்டி ஒழுகினதா இதுவரைக்கும் ஒரு வாடிக்கையாளர் சொன்னது உண்டா?" என்பதுதான் அவருடைய ஆத்திரம். பத்திரிகையில் அவர் கொடுத்துவந்த விளம்பரம் இரண்டு வாரம் நின்றுபோனது. தங்கை ஒரு மாதம் போனை எடுக்கவில்லை.

சீசன் தொடங்கியது. முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. நெட்டை என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிட்ட புது ஸ்ட்ரைக்கர், தலையால் முட்டினாலும் கோல், தடுக்கி விழுந்தாலும் கோல். மைதானத்தில் ஆரூடத்தின் புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து, கீழே 'நாலா?' என்று எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். சொந்தப் பத்திரிகையே ஒவ்வொரு வெற்றிக்கும் அந்தப் படத்தைப் போட்டு விற்பனையைக் கூட்டிக்கொண்டது. ஆரூடம் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். வெளிக்காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அவருக்கும் சந்தோஷம்தான். தங்கை போனை எடுக்க ஆரம்பித்திருந்தாள். "இப்ப என்ன சொல்றே?" என்று கேட்பதற்காகவே எடுத்தாள் என்றாலும் எடுத்தாளே.

பிறகு எதிரணிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்த அணியோடு மோதும்போது மூலையிலிருந்து அடிக்கிற கார்னர் கிடைத்தால் போதும், பந்தை உயரத் தூக்கிப் போட்டால் போதும், கோல் வாசலில் தடுக்க ஆள் கிடையாது. மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் நெட்டையைப் பின்னால் இழுத்துத் தடுப்பதற்கு நிறுத்தினார். நெட்டை பழக்கதோஷத்தில் அங்கேயும் கோல் அடித்தான், சொந்த வலைக்குள். முதலாளி அன்று பாதியில் எழுந்து போனார். அணி முதல் இடத்திலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் இறங்கியது. மாப்பிள்ளை இளைத்துப்போய், கோட்டு தோளில் தொங்க ஆரம்பித்தது.

கேலி செய்தவர்கள் இப்போது ஆரூடத்தைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் கருநாக்கு என்று ஆரம்பித்துவைக்க, அது தீயாய்ப் பரவியது. முடி வெட்டப் போன இடத்தில் கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க. எங்க கடையைப் பத்தி மட்டும் நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்லிடாதீங்க," என்று கும்பிட்டார்.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்றாவது இடம், டிரா ஆனால் நாலாவது. நெட்டை முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டான். நிருபர்கள் உட்காருமிடத்தில் யாரும் எந்த அணிக்கும் கத்தக்கூடாது என்பது தொழில் மரியாதை. ஆரூடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "அப்படிப் போடு!" என்று கத்திவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் தான் எழுதியது பலித்துவிடக் கூடாதே என்று அவர் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. யார் தலையில் பட்டது என்றுகூட அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மைதானம் எழுப்பிய சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டார். பக்கத்து நாற்காலி நிருபர் கையை நீட்டி, "அப்படியே பலிச்சிடுச்சே சார், வாழ்த்துகள்!" என்றார். சாவு வீட்டில் பரிசு வாங்கியவர் போல ஆரூடம் அந்தக் கையைக் குலுக்கினார்.

மறுநாளே முதலாளி பயிற்சியாளரைக் கூப்பிட்டு அனுப்பினார். காரணம் எளிமையாக இருந்தது. "நாலாவதுதான் வரும்னு உங்க வீட்டு ஆளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?" என்றாராம். பேப்பரில் போட்டுத்தானே சொன்னது என்று மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அறையைக் காலி செய்ய உதவிக்குப் போனார் ஆரூடம். வெள்ளைப் பலகையில் ஆட்டக்காரர்களைக் குறிக்க ஒட்டியிருந்த காந்த வில்லைகளை மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம் சிவப்பு வில்லைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பின்பக்கம் இரண்டே இரண்டு.

"மாப்பிள்ளை, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது," என்றார் ஆரூடம். "அன்னைக்கு நாலுன்னு சொன்னதும் உங்க மூஞ்சி போன போக்கு இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

மாப்பிள்ளை வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். "அதுக்கா இவ்வளவு நாள் மருகிட்டு இருந்தீங்க? நான் பயந்துல்ல போயிட்டேன்! இந்த டீமை வெச்சுக்கிட்டு ஆறாவது வந்தாலே பெரிசுன்னு நான் கணக்குப் போட்டிருந்தேன். ஊர் உலகத்துல என்னைப் புரிஞ்ச ஒரே மனுஷன், கம்மியா எதிர்பார்ப்பாருன்னு பாத்தா, நீங்களும் நாலுங்கறீங்க. அதான் கழுவின தட்டையே மறுபடி கழுவினேன்."

"அப்ப நாலாவது வந்தது…"

"சாதனை மச்சான். என் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை. வெளியில சொன்னா அடிக்க வருவாங்க."

இரண்டு பேரும் அந்தக் காலி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த அறைக்குக் கேட்காமல் சிரித்தார்கள். வயிறு வலித்தது. வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்ததால், காத்திருந்த புகைப்படக்காரர்கள் 'கண்ணீருடன் விடைபெற்றார்' என்று படம் போட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு வேறு ஊரில், போன சீசனில்தான் கீழ்ப் பிரிவிலிருந்து மேலே ஏறி வந்த ஒரு சின்ன அணியில் வேலை கிடைத்தது. குழாய் முதலாளி ஆரூடத்தைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். தேநீர் வந்தது. நாற்காலியும் நல்ல நாற்காலி.

"பழசை மறந்துடுவோம்," என்றார் முதலாளி. "உங்க வாக்கு பலிக்குது. அது தெரியாமப் போச்சு எனக்கு. கிளப்புல ஆலோசகர்னு ஒரு பதவி போட்டுத் தரேன். வருஷத்துக்கு ஒரு தடவை முதல் இடம்னு எழுதுங்க. வேற வேலை இல்ல."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க. எது வரும்னு தோணுதோ அதைத்தான் எழுதுவேன்."

"தோணுறதுக்கு எவ்வளவு?"

ஆரூடம் தேநீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து வந்தார். நடந்து வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வீட்டில் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

அந்த நிமிர்வுக்கு ஆயுசு குறைவு. அடுத்த சீசனுக்கு முன்னால் முதலாளி மறுபடி பணத்தைக் கொட்டினார். ஆனால் இந்த முறை யாரோ அவருக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். மலை மாதிரி மூன்று பின்கள ஆட்டக்காரர்கள், நிதானமான ஒரு கோல்கீப்பர், புதிதாக ஓர் இளம் பயிற்சியாளர். ஆரூடம் எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் ஓட்டை தென்படவில்லை. இரண்டாவது என்று போட்டுவிடலாமா என்று கை துடித்தது. மனசு கேட்கவில்லை. முதல் இடம் என்று எழுதினார்.

ஊர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னது: வாங்கிட்டாங்க. ஆசிரியர் கண்ணடித்து, "எவ்வளவுன்னு கேக்க மாட்டேன்," என்றார். மாலையே முதலாளி வீட்டிலிருந்து ஒரு பழக்கூடை வந்தது. திருப்பி அனுப்பினார். மறுநாள் அதைவிடப் பெரிய கூடை வந்தது. கொண்டுவந்த டிரைவர், "முதல் கூடை சின்னதா இருந்ததுல உங்களுக்கு வருத்தம்னு ஐயா நினைக்கிறாரு," என்றார். மனைவி ஒரு பழத்தை எடுத்து நறுக்கினாள்.

மூன்றாவது நாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். இவரும் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே ஆரூடம் போனை எடுத்தார்.

"மச்சான், ஒரு விஷயம். என் இடத்துக்கு வந்திருக்காரே அந்தச் சின்னப் பையன், இப்ப எனக்குப் போன் பண்ணினாரு. அழாத குறை."

"எதுக்கு?"

"'உங்க மச்சான்கிட்ட சொல்லி, ஒரு அஞ்சாவது இடம்னு மாத்தி எழுத வைக்க முடியுமா சார், எவ்வளவு ஆனாலும் குடுத்துடறேன்'ங்கறாரு. எங்க மச்சான் காசு வாங்குற ஆள் இல்லன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறாரு."

ஆரூடம் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "எங்களுக்கு எத்தனாவது போட்டிருக்கீங்கன்னு பாத்தேன்," என்று மாப்பிள்ளை தொடர்ந்தார். "கடைசி. சரியா?"

"கடைசிதான் மாப்பிள்ளை. மனசுல பட்டது அதுதான்."

"ரொம்பச் சந்தோஷம். உங்க தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன்."

குழாய் முதலாளியின் அணி அந்த சீசனில் இரண்டாவது வந்தது. அதன் வரலாற்றிலேயே அவ்வளவு உயரத்துக்கு வந்ததில்லை. இளம் பயிற்சியாளர் மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மாப்பிள்ளையின் சின்ன அணி பதினோராவது வந்தது. கடைசி ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் வேலியைத் தாண்டிக் குதித்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பதினோராவது இடத்துக்கு ஊர்வலம் போன ஒரே அணி அதுவாகத்தான் இருக்கும்.

ஆரூடம் அதைப் பார்க்க நேரில் போயிருந்தார். முகத்தில் அணியின் நிறத்தில் சாயம் பூசியிருந்த ஒருவர் கூட்டத்தில் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதானே நாங்க கடைசின்னு எழுதினவரு?" என்று சட்டையைப் பிடித்தார். ஆரூடம் அடிவாங்கத் தயாரானார். அந்த ஆள் அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்.

தங்கை தூரத்திலிருந்து கை காட்டி அழைத்தாள். சாயம் அப்பிய கன்னத்தைத் துடைத்துக்கொண்டே ஆரூடம் கூட்டத்தை விலக்கி நடந்தார்.