கால்முடிச் சாட்சி

முட்டைக்குள் ஒன்றுமில்லை. கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, அதன்மேல் முட்டையை வைத்து, வெயில் படாமல் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு பார்த்தேன். உயிருள்ள புறா முட்டையென்றால் சிவப்பு நூலில் சிலந்தி வலை பின்னியதுபோல நரம்பு ஓடும். நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். இதில் மஞ்சள் கரு மட்டும், பென்ஷன் வாங்கியவன்போல, எந்தக் கவலையும் இல்லாமல் உருண்டது.

"நைனா, இன்னா? உசுரு கீதா?" என்று மாடிப்படியிலிருந்து என் மகள் மகிமா கேட்டாள்.

"கீது," என்றேன் சட்டைக்குள்ளிருந்து. "ஒதைக்குது."

"முட்டைக்குள்ளயா?"

"நம்ம பரம்பரைம்மா. சீக்கிரமே ஆரம்பிச்சுடும்."

அவள் சிரித்தாள். கடைசிப் படியைத் தாண்டி அவள் மேலே வரமாட்டாள். வயிற்றில் பிள்ளையோடு புறா எச்சம் பக்கம் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் படியில் தலையணை போட்டு உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, என் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்து ஓரம் வாடகை வீட்டில் இருந்தபோது இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. மாப்பிள்ளை பிராங்கிளின் கப்பலில் இருக்கிறான். கடலிலிருந்து போன் செய்து, "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்பான். வேறென்ன சொல்வான் பாவம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் சாலமன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினேன். திருவொற்றியூரில் இந்த வீட்டையும், மாடியில் இந்தப் புறாக்களையும் தவிர எனக்குச் சொத்தென்று எதுவுமில்லை. என் புறா ஒன்று கொழும்புக் கப்பலில் ஏறிப்போய், கேப்டன் மேசையில் அவரோடு சாப்பிட்டு, திரும்பி வந்தபோது சிங்களத்தில் குனுகியது. இதை நான் சொன்னால் தெருவில் யாரும் நம்புவதில்லை. கோயில் வாசலில் ஒருவர் நம்பினார். அவருக்குக் காது கேட்காது. என் மனைவி சுகிர்தம் என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவள். நான் "மழை பெய்யுது" என்றால் ஜன்னலில் கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கப் போவாள்.

ஆனால் முட்டை விஷயம் பொய்யில்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஒரு வாடை வந்தது. கண் எரிந்து, தொண்டை கட்டி, தெருவே ஈரத் துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கிருந்து வந்ததென்று கேட்டால் எல்லாக் கம்பெனிக்காரர்களும் பக்கத்துக் கம்பெனியைக் காட்டினார்கள். வாடைக்கு யாரும் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. அதன்பின் அது வருவதும் போவதுமாக இருந்தது. கூடவே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் சுவரோரம் வரிசை கட்டி, முன்னாலிருப்பவன் நகராவிட்டாலும் ஹாரன் அடித்தன. அன்று முதல் என் மாடியில் ஒரு குஞ்சு பொரியவில்லை. சிலது ஓடு மெலிந்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. சிலதைப் பெட்டைகள் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போயின. மிச்சமெல்லாம் இதுபோலத் தண்ணீர்.

கால்நடை டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னாள். புறா முட்டை வைப்பதே கண்ணில்தான் ஆரம்பிக்கிறதாம். ஆண் கழுத்தை உப்பி வட்டமடிப்பதைப் பெட்டை பார்த்ததும் மூளையிலிருந்து உத்தரவு கிளம்பி, ரத்தத்தில் இறங்கி, சினைப்பையை எழுப்புமாம். அடைகாக்கச் சொல்ல ஒரு ஹார்மோன், குஞ்சுக்குப் பால் சுரக்கவும் அதுவே. பயமோ சத்தமோ ஓயாமல் இருந்தால் வேறொன்று ரத்தத்தில் ஏறி, இந்த உத்தரவுகளையெல்லாம் ஓரமாக நிற்கச் சொல்லிவிடுமாம். காற்றிலும் தண்ணீரிலும் கலந்து வருகிற சில கழிவுகளை உடம்பு தன்னுடைய ஹார்மோன் என்றே நினைத்து ஏமாறுவதும் உண்டாம். "உங்க மாடியில எதுன்னு பாக்காம சொல்ல முடியாதுங்க ஐயா," என்றாள். உடம்பே ஏமாறும் என்றது என்னை யோசிக்க வைத்தது. அதுவரை ஏமாற்றுவதை நான் என் தனித் திறமை என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் தாயும் மகளும் சமையலறையில் பேசியது காதில் விழுந்தது.

"அந்த முட்டை பொரிஞ்சா இங்கயே பெத்துக்கிறேம்மா. இல்லாங்காட்டி அரக்கோணம் போயிடுறேன். அத்தையும் கூப்ட்டுகினேதான் கீறாங்க."

"புறா முட்டைக்கும் உன் வயித்துக்கும் இன்னாடி சம்மந்தம்?"

"தெர்ல. ரெண்டும் ஒரே காத்தத்தானே குடிக்குது."

குழம்பைக் கிண்டும் சத்தம் மட்டும் கேட்டது. அரக்கோணத்துச் சம்பந்தி ஐரீன் நல்ல பெண்மணி, ரயில்வேக்காரர் வீடு, சுற்றிலும் மரம். எனக்கு அவர்கள்மேல் ஒரு குறையுமில்லை, மகள் என் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர.

மறுநாள் புளியந்தோப்புக்குப் போனேன். அங்கே என் தோஸ்து ராமதாஸ் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மொட்டைமாடியில் புறா வளர்க்கிறான். என்னுடையவை பந்தயப் புறாக்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குத் திரும்பும். அவனுடையவை அழகுக்கு. காலில் விரல்வரை இறகு வளர்ந்து, நடக்கும்போது பாவாடை கட்டிய மாதிரி இருக்கும். கால்முடிப் புறா என்போம்.

"ஒரு முட்டை குடுடா. இந்த வாரம் வச்சதா, உசுரோட."

"இன்னாத்துக்கு மாமு?"

சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "குஞ்சு வளந்தா கால்ல முடி மொளைக்குமே. அப்ப இன்னா சொல்லுவே?"

"அப்ப தோணும்."

"பீலா வுட்டு வுட்டே போய்ச் சேரப்போற நீ," என்றான். ஆனாலும் ஒரு முட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். "நான் வாயத் தொறக்க மாட்டேன். எவன் கேட்டாலும் சரி."

முட்டைக்குச் சூடு வேண்டும். கைக்குட்டையில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அக்குளில் முட்டை இருக்கிறவன் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. ஒரு கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆடினேன். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "பெருசு, கை வரலியா?" என்றாள். "பக்கவாதம்மா," என்றேன். திருவொற்றியூரில் இறங்கும்போது அவள் எனக்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள். எப்போதாவது அவளைப் பார்த்தால் குணமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

தண்ணீர் முட்டைகளை எடுத்துவிட்டு இதைச் சீமாட்டிக்குக் கீழே வைத்தேன். சீமாட்டி என் பெட்டை. அவள் புருஷன் பெயர் கேப்டன். அவள் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள், அலகால் முட்டையைத் திருப்பினாள், உட்கார்ந்துகொண்டாள். பிறத்தியார் முட்டையென்று தெரிந்ததா தெரியாதா என்று நான் கேட்கவில்லை.

பொரிந்தது. குஞ்சு மஞ்சள் மயிரும் பெரிய மூக்குமாக, ரிட்டையரான ஏட்டையா ஜாடையில் இருந்தது. கேப்டனும் சீமாட்டியும் மாறி மாறித் தங்கள் தொண்டைக்குள் அதன் வாயை வாங்கிப் பால் கொடுத்தார்கள். புறாவில் அப்பனும் பால் கொடுப்பான். மகிமா தன் படியில் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். "அம்மா, கட்டில ஜன்னலாண்ட போடு. இங்கயே இருந்துடுறேன்," என்றாள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் கொழும்புக் கதையை இன்னொரு முறை சொன்னேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். சாயங்காலம் அந்த வாடை வந்தது.

நான் மாடியில் இருந்தேன். முதலில் புறாக்களுக்குத்தான் தெரிந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் குனுகுவதை நிறுத்தின. சீமாட்டி குஞ்சை விட்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். படியில் மகிமா துப்பட்டாவை மூக்கில் அழுத்தியபடி குனிந்திருந்தாள். "நைனா, வயிறு கல்லு மாதிரி ஆவுது," என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது குரலே உயரவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத் துடிப்பு கேட்டது, நன்றாகவே கேட்டது. "இப்போதைக்கு ஒண்ணும் இல்லை. அலட்டிக்காம இருங்க," என்றார் டாக்டர். திரும்பி வந்து மாடிக்கு ஏறினேன். சீமாட்டி இன்னும் தொட்டிமேலேயே இருந்தாள். கேப்டன்தான் குஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தான். என் மகளை இந்தக் காற்றில் உட்கார்த்தி வைத்திருப்பது லாரியுமில்லை, கம்பெனியுமில்லை, என் அக்குள்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

காலையில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். முட்டை நம்முடையதில்லை, நம்முடையதில் ஒன்றுகூட உயிர் பிடிக்கவில்லை, இது புளியந்தோப்பு ராமதாஸ் வீட்டு முட்டை, அக்குளில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன், பக்கவாதம் என்று சொல்லி உட்கார்ந்து வந்தேன்.

மகிமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேற்றைய பயத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள். "பக்கவாதமா! ஐயோ நைனா, வயிறு வலிக்குது, போதும்."

"நெசமாம்மா."

"கொழும்பு புறா கூட நெசந்தான்," என்றாள் சுகிர்தம். "புள்ள பயந்து கீது, சிரிக்க வைக்கிறியாக்கும். போய்யா."

ராமதாசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "டேய், நீ எனக்கு முட்டை குடுத்தியா இல்லியா, சொல்லு."

ராமதாஸ், உயிர் நண்பன், சத்தியம் தவறாதவன், தெளிவாகச் சொன்னான்: "முட்டையா? இன்னா முட்டை? நான் எதையும் குடுக்கலியே மாமு."

"குடுத்தேன்னு சொல்லுடா!"

"கயுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டேன். நீ தைரியமா இரு."

சுகிர்தம் எழுந்து போய்விட்டாள். மகிமா இன்னொரு தரம் சிரித்தாள்.

இனி எனக்கு ஒரே சாட்சி. விடிந்ததும் மாடிக்குப் போய்க் குஞ்சின் காலைத் தூக்கிப் பார்ப்பேன். சிவப்பாக, வழவழவென்று இருக்கும். என் வாழ்நாளில் என் பொய் மாட்டிக்கொள்ள வேண்டுமென்று நான் ஜெபம் செய்தது அப்போதுதான். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எதற்கென்று சுகிர்தம் கேட்டாள். "கால்ல முடி மொளைக்க," என்றேன். அதையும் நம்பவில்லை.

ஒரு காலையில் விரலுக்கு மேலே கறுப்பாக ஏதோ குத்தியது. வெளிச்சத்தில் பார்த்தேன். ஊசி ஊசியாக இறகுக் குருத்து, வரிசையாக, விரல் நுனிவரை.

மகிமா தன் படியில் உட்கார்ந்திருந்தாள். எச்சம் எட்டாத தூரத்தில் நின்று குஞ்சைத் தூக்கி, காலை விரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கேப்டன் காலைப் பார்த்தாள். சீமாட்டி காலைப் பார்த்தாள். இரண்டும் மொட்டைக் கால்.

"அப்ப நம்மது?"

"தண்ணி."

"எல்லாமே?"

"போன மழைலேர்ந்து எல்லாமே."

"ஏன் நைனா?"

அதற்கு ஒரு நல்ல கதை தயாராக இருந்தது. வாய்வரை வந்தது. "நீ இங்கயே இருக்கணும்னு," என்றேன்.

கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் தலையணையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "அழகா கீது காலு," என்றாள். "சாக்ஸ் போட்ட மாதிரி." சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அரக்கோணத்துக்கு நான்தான் இட்டுக்கொண்டு போனேன். ஒரு கையில் அவள் பெட்டி, இன்னொரு கையில் கூடைக்குள் கேப்டன். கேப்டனை எடுத்துவரச் சொன்னது அவள்தான். ஐரீன் அம்மாள் கூடையைப் பார்த்து, "சம்மந்தி, குழம்புக்கா?" என்று கேட்டார்கள். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிளம்பும்போது மகிமா வாசலில் வந்து நின்றாள். "எல்லாரும் என்ன தேத்துறதுக்கே பேசுறீங்க. நானும் போன்ல அப்பிடித்தான் பேசுவேன். அதனால கேப்டன் இங்க இருக்கட்டும். நல்லபடியா பொறந்தா அவன அவுத்து வுடுவேன். அவன் வந்துட்டா, நல்லா கீறோம்னு அர்த்தம்."

"இல்லாங்காட்டி?"

"இல்லாங்காட்டி போன் பண்றேன்."

ஜோடியைப் பிரித்து வைத்த ஆண் புறா, வீட்டுக்கு வெறியோடு பறந்து வரும். பந்தயக்காரர்கள் செய்கிற வேலைதான் இது. ஆனால் இங்கே சீமாட்டி குனுகுவதை விட்டுவிட்டாள், இரையும் குறைந்தது. என் சவரக் கண்ணாடியைக் கூண்டில் மாட்டினேன். அதில் தெரிந்தவளைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒரு முட்டை வைத்தாள். சுகிர்தத்திடம் சொன்னேன். "கண்ணாடிக்கா?" என்றாள். இது நடந்தது.

மகிமாவுக்கு மாதம் நெருங்கியபின் நான் மாடியைவிட்டு இறங்குவதில்லை. மேற்கே வியாசர்பாடிப் பக்கமிருந்துதான் கேப்டன் வரவேண்டும். அந்தத் திசையில் எந்நேரமும் ஒரு மங்கல். அதில் தெரிகிறதெல்லாம் காக்கை, பருந்து, பாலிதீன் பை. கால்முடிக் குஞ்சு வளர்ந்து பெரிய ஆளாகி, பாவாடையைத் தூக்கிக்கொண்டு என்னோடு மாடியில் நடைபோட்டது.

இன்று மத்தியானம் கீழே போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. சுகிர்தம் அதைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. மகிமா உட்காரும் படிவரை வந்து நின்றுவிட்டாள். திரையில் யார் பெயர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சீமாட்டி கண்ணாடியை விட்டுத் திரும்பினாள். கழுத்தை நீட்டி, ஒற்றைக் கண்ணால் மேற்கே பார்த்தாள். அவள் தொண்டையில் ஏதோ அசைந்தது. அந்த மங்கலுக்குள், புகைபோக்கிகளுக்கு மேலே, ஒரு கடுகளவு கறுப்பு. காக்கையென்றால் இவ்வளவு நேராக வராது என்று சுகிர்தத்திடம் சொன்னேன். அவள் நெற்றிமேல் கையை வைத்து, முதல் தடவையாக, நான் காட்டிய திசையில் பார்த்தாள். போன் அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.