நீல வண்டா வாடிய காலை

கார்ச் சாவியை வீசி எறிந்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் பாய்ந்தாள் அஜந்தா. கூரைக் கொக்கியில் தொங்கிய கூடையை எட்டிப் பிடித்து இறக்கினாள்.

நேற்று மாலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நின்ற நீலப் பூக்கள், நனைந்த டிஷ்யூ மாதிரி வெளிறிச் சுருண்டு கிடந்தன. ஒன்று இரண்டல்ல, முழுக் கதிரும்!

"ஐயோ! ஆரோ என்ரை பூவைச் சாகடிச்சுப் போட்டினம்!"

மதியம் விம்பிள்டனில் ஓர்க்கிட் போட்டி. அவளுடைய வண்டா, மண் கேட்காத ஓர்க்கிட் சாதி. வேர்களை அந்தரத்தில் தொங்கவிட்டு ஈரக் காற்றில் வாழும். லண்டன் கிங்ஸ்பரிக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு என்று பீப்பாயில் மழைநீர் பிடித்து, வெள்ளி வேர்கள் பச்சையாகும்வரை தினமும் நனைத்தாள். குளிர்காலத்தில் கணவன் முகுந்தன் வரவேற்பறையில் போர்வையோடு நடுங்க, ஹீட்டர் இந்த அறையில் ஓடியது. விரல் நீளக் கன்று பூக்க ஏழு வருடம் பிடித்தது. இதுதான் முதல் பூ.

நடுவர்கள் பரிசு கொடுத்தால், வளர்த்தவள் வைக்கும் பெயர் அந்தச் செடிக்கு நிலைக்கும். விசாவிலிருந்து மின்சார பில் வரை இந்த நாட்டில் அவள் பெயரை எவரும் பிழையில்லாமல் எழுதியதில்லை. இந்தச் செடிக்கு 'அஜந்தா' என்று அவளே எழுதிக் கொடுக்க இருந்தாள்.

பாய்ந்து போனை எடுத்தாள்.

"மெற்றில்டா அக்கா, நேற்று என்ரை பூவோடை தனிய நிண்டனீங்கள். என்ன செய்தனீங்கள்?"

"போனை வை. வாறன்."

மெற்றில்டா அடுத்த தெரு. போட்டிகளில் நிரந்தர எதிரி. 'உன்ரை வண்டா பூக்காதடி, இலையை வறை வறுத்துச் சாப்பிடு' என்று வருடக்கணக்காகச் சீண்டியவள். இரவு உடுப்புக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் சுருட்டி மாட்டிய ரோலர்களோடு வந்து இறங்கினாள்.

"கள்ளி வந்திட்டன். எங்கை பிணம்?"

கிண்டல் கதிரைக் கண்டதும் நின்றது. "யேசுவே!" என்று வாயைப் பொத்தினாள். பிறகு ஒரு பல்லுக்குச்சியால் பூவின் நடுமூடியை மெல்ல நெம்பினாள்.

"நான் கெடுக்கிறதெண்டால் மகரந்தத்தை எடுத்துப் பூவுக்குள்ளை ஒட்டியிருப்பன். கருத்தரிச்ச பூத்தான் கெதியா வாடும். பார், மகரந்த மஞ்சள் உருண்டை அப்பிடியே கிடக்கு."

உண்மைதான். அஜந்தாவுக்கு முகம் சுட்டது. "அக்கா, நான்..."

"மன்னிப்பைப் பிறகு கேள். எல்லாப் பூவும் ஒரே இரவிலை போனதெண்டால்..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பழம்!"

பழுக்கும் பழம் விடுகிற வாயு வண்டாப் பூவுக்கு எமன். அது தெரிந்துதான், 'இந்த அறைக்குள்ளை அப்பிள் கொண்டு வந்தால் கொலை விழும்' என்று அஜந்தா முகுந்தனை மிரட்டி வைத்திருந்தாள். அவனும் அப்பிளைத் தொடுவதேயில்லை.

மெற்றில்டா மூக்கை உறிஞ்சினாள். "சாம்பிராணி மணக்குதடி."

மழைநீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு சாக்கு. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. அஜந்தா பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். சூடான இனிப்பு வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே, புகை போட்ட தகரப்பேணி. அதன்மேல் பாதி மஞ்சளாகிய முழு வாழைக்குலை!

"ஐயையோ, அதை ஏன் அவிட்டனீங்கள்?"

வாசலில் முகுந்தன். பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் தேங்காய்ப் பை.

"நீங்களோ?" அஜந்தாவின் குரல் கிறீச்சிட்டது. "வாழைக்குலையோ? இஞ்சையோ?"

"வீட்டிலை சூடான இடம் இது ஒண்டுதானே. காயாத்தான் கிடைச்சுது, அதுதான் நேற்றுப் புகை போட்டனான். நீ அப்பிளெண்டுதானே சொன்னனி?"

"இந்தக் குலை ஆருக்கு?"

அப்போதுதான் அவன் கண் கூடையில் விழுந்தது. வெளிறிய கதிரைப் பார்த்தான், குலையைப் பார்த்தான். தேங்காய்ப் பை கையிலிருந்து நழுவியது.

"விம்பிள்டன் பிள்ளையாருக்கு," என்றான். "உன்ரை பூவுக்குப் பரிசு கிடைக்கவேணுமெண்டு நேர்ந்தனான்."