பரணில் விழுந்த வைக்கோல்

மருமகள் வரைந்த வீட்டின் பரணில் முதல் வைக்கோல் கட்டு வந்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, மாமியார் அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள். முப்பது கிலோ இருந்தது, கயிறு போட்டு இறுக்கியிருந்தது. அந்த மலை உயரத்தில் நெல் விளைய வழியே இல்லை. பரணில் பலகை பதித்துக்கொண்டிருந்த தச்சர் முகர்ந்து பார்த்து, நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்தார்.

சண்டைக்கு அஸ்திவாரத்தைவிட வயது அதிகம். கட்டட வரைவாளரான மருமகள், மலைச்சரிவில் குடும்பத்துக்கென்று கொட்டகை பாணியில் ஒரு வீடு வரைந்தாள்: கூம்பிய கறுப்புத் தகரக் கூரை, குறுக்குச் சுவரில்லாத கூடம், இருபத்தைந்தடி உயரம், பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரே கண்ணாடி, உச்சியில் அழகுக்கு ஒரு பரண். எந்த வரைபடமும் சாப்பாட்டு மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிடிக்காத இடத்தில் மாமியார் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். முப்பத்தேழு பென்சில்கள் தீர்ந்தன.

"மாடு எத்தனை வாங்கப் போறே?"

"மாடு எதுக்கு அத்தை? நீங்க ஒருத்தரே போதும்."

மேசை இரண்டாகப் பிளந்தது. மகன் காற்று வாங்கப் போனவன் மூன்றாம் நாள் வந்தான்.

ஒரே ஒரு சிவப்புக் கோடு நியாயமானது. கூரைக்கடியில் குளிர்காப்புப் பஞ்சு வேண்டும் என்றார் மாமியார். அவர் கேட்ட ஒரே காரணத்துக்காக, ஏற்கெனவே வரைந்திருந்த பஞ்சை மருமகள் அழித்துவிட்டாள்.

"என் பேத்தி காலு சில்லிட்டுச்சுன்னா, மறுநாளே தகரத்தைப் பிரிச்சு எடைக்குப் போட்டுட்டு, புள்ளையையும் அவ அப்பனையும் கூட்டிட்டு எறங்கிடுவேன். நீ இங்கயே மேய்ஞ்சுக்க."

மகனும் தலையாட்டிவிட்டான். அம்மாவுக்கு ஆட்டியதா மனைவிக்கு ஆட்டியதா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

குடியேறியபின் வசவுக்கொரு கட்டு விழுந்தது. "சோறா இது?" சின்னக் கட்டு. "உங்க அம்மா வளர்த்த லட்சணம்" இரண்டு ஆள் தூக்கும் கட்டு. கார்த்திகைக்குள் பரண் பிதுங்கி, கூரைக்கடி முழுக்க வைக்கோல் அடைந்தது. அக்கம்பக்கத்தில் பற்பசை உறைந்தபோது இங்கே பேத்தி வெறுங்காலுடன் ஓடினாள். காரணம் மருமகளுக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

அப்போதுதான் மகன் இருவர் காலிலும் விழுந்து சமாதானம் வாங்கினான். நாளுக்குப் பத்துக் கட்டு மறைந்தது. ஒன்பதாம் நாள் பால் பாத்திரத்தோடு கல்லானது, பேத்தியின் உள்ளங்கால் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. மறுநாள் காலை மாமியார் பெட்டியைக் கட்டிச் செருப்பு மாட்டினார். மகன் ஸ்பேனருடன் கூரைக்கு ஏணி சாத்தினான்.

மருமகள் தன் இருபத்தைந்தடிக் கூடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"போய்ட்டு வாங்க அத்தை. புள்ளைக்கு உங்க ரசனை மட்டும் ஒட்டாம பாத்துக்கங்க. இவருக்கு ஒட்டினதே போதும்."

மேலே தொப்பென்று ஒரு சத்தம். மாமியார் அண்ணாந்தார். குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் ஒன்றும் மக்கு இல்லை. செருப்பைக் கழற்றினார்.

"டேய், ஏணியை எடு. இவள நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் கெளம்புவேன்."

அது நடந்து பதினோரு வருடமாகிறது. முதல் வார்த்தையே இன்னும் முடியவில்லை. மாசி மாதத்திலும் அந்த வீட்டில் யாரும் ஸ்வெட்டர் போடுவதில்லை.